இமையில் பட்ட சூடு

பதினாறு வயதில் எனக்கு ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்தது. பண்ணைக்காரி ஒல்லியான, பேச்சுக் குறைந்த அம்மாள். எங்களுக்கெல்லாம் அவர் பெரியம்மா. அவருக்கு நான் வாயாடி.

குஞ்சு பொரிக்கும் அறைக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத இன்னோர் அறை. பட்டப்பகலிலும் கும்மிருட்டு. தகரப்பெட்டிக்குள் ஒரு பல்பு, பெட்டியில் ஒரு துளை. துளையில் முட்டையை வைத்தால் உள்ளே சிவப்பாகத் தெரியும். சிவப்புக்கு நடுவே ஒரு புள்ளி துடித்தால் உயிர் இருக்கிறது, கூடை. துடிக்காவிட்டால் செத்தது, வாளி.

பொரிக்கும் நாள் நெருங்கிய முட்டை ஒரே கறுப்பாக இருக்கும், வெளிச்சம் உதவாது. அதைப் பெரியம்மா மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்ப்பார். உயிருள்ளதற்குத் தனக்கென்று ஒரு சூடு உண்டு; இல்லாதது சட்டென்று ஆறிவிடும்.

"விரல் காய்ச்சுப்போன தோலுடி வாயாடி, பொய் சொல்லும். இமை சொல்லாது."

முதல் மாதமே வாளிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஒரே ஒரு தரம். பெரியம்மா வாளிக்குள் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓட்டுக்குள்ளிருந்து எதுவோ என்னைத் தட்டியது.

"நீ போட்டதுதானே?"

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன் பெரியம்மா."

"நெனக்கிறது வேற, தெரியறது வேற. சந்தேகம் வந்தா இன்னும் ஒரு நாள் வை. என்ன குடி முழுகிப் போகுது?"

ஒன்பது வருஷம் அவரிடம் இருந்தேன். கல்யாணமாகிப் போன பிறகும் நல்லது கெட்டதற்கு அவர் வாசலுக்குத்தான் ஓடுவேன். ஒருநாள் காலை அவர் மகன் ஆள் அனுப்பினான். மூன்று நாள் காய்ச்சலாம், விடியும்போது மூச்சு நின்றுவிட்டதாம். டாக்டர் வெளியூர் போயிருந்தாராம். நான் போனபோது கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். வாசலில் சுடுகாட்டு வண்டி நின்றது.

குனிந்து அவர் கழுத்துக்குழியில் என் இமையை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. நான் நகரவில்லை. வெகுநேரம் கழித்து, எங்கோ ஆழத்திலிருந்து ஒரு சூடு. எனக்குத் தெரிந்த சூடு.

"எடுக்காதீங்க. நாளைக்கு வரைக்கும் வைங்க."

"அக்கா, எங்கம்மா என்ன முட்டையா?"

"அப்படியே வச்சுக்கோ தம்பி. கம்பளி எங்க இருக்கு?"

கட்டில்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பைத்தியம் என்றார்கள். வண்டிக்காரன் இரண்டு தரம் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும். மணிக்கொரு தரம் இமையை வைத்துப் பார்த்தேன். வெயில் சாயும் நேரம், அவர் கழுத்துக்குள்ளிருந்து எதுவோ என் இமையைத் தட்டியது.

வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

தேறி எழுந்தபின் என்னிடம் மட்டும் சொன்னார்: "உள்ள ஒரே சிவப்புடி. யாரோ என்னத் தூக்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எதுல போடறதுன்னு யோசிச்ச மாதிரி இருந்துச்சு."

"யாரு பெரியம்மா?"

"முகம் தெரியல. ஆனா நல்லாப் பழகின கை. அவசரமே படல."

அதன்பின் நாலு வருஷம் இருந்தார். உண்மையாகவே போன அன்றும் ஒரு முழு நாள் இமை வைத்துப் பார்த்தேன். கூடாதென்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. சூடு இல்லை. அப்புறம்தான் எழுந்தேன்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இவ்வளவும் கேட்டு எழுதுகிற நீ இதையும் எழுதிக்கொள் கண்ணு: என் முறை வரும்போது யார் அவசரப்படுத்தினாலும் இன்னும் ஒரு நாள் வை. விரலால் பார்க்காதே.