ஆடாமல் ஐந்து நிமிடம்

புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சு கொடுக்கும் என் வேலையை இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம்: "ஆடாம படுங்க." முடிவெட்டும் கடையில் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ராசா என்ற ஊரிலிருந்து வந்த யாழினிக்கு எட்டு வயது. இடுப்பெலும்பில் கட்டி. அறுவை செய்தால் நடை போய்விடும் என்று மருத்துவர்கள் எங்களிடம் அனுப்பினார்கள். நான் பக்கத்து ஊரான கெர்லிங்கைச் சேர்ந்தவள். இவளை நடக்க வைக்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

காணாமல் போன கோடுகள்

கதிர் விழ வேண்டிய இடத்தை ஸ்கேனில் பார்த்து, வெள்ளிக்கிழமை அவள் இடுப்பில் மையால் கோடு போட்டேன். அழியக்கூடாது என்று அவள் அப்பாவிடம் மூன்று முறை சொன்னேன். அவர் வீட்டில் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் இடுப்பு பளபளக்கிறது, கோட்டைக் காணோம். மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு, அரை நாள் போயிற்று. எனக்குக் கோபம்தான். யாழினியின் அம்மா சரோஜா அக்கா மெதுவாகச் சொன்னார்: "வைத்தியம் ஆரம்பிக்குதே, சாமி கும்பிட்டு வரலாம்னு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுனேன் மிஸ். மை போகவே மாட்டேன்னுச்சு, நானும் விடல."

மண்டோர் கேட்ட கேள்வி

அப்பா முனியாண்டி அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். மகளின் இடுப்பே வெந்துவிடும் என்று பயந்துபோயிருந்தார். கட்டியின் வடிவத்துக்குக் கதிரை அமைத்து, பல பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவோம், எல்லாம் ஒன்று சேர்வது கட்டியில்தான், சுற்றியுள்ள இடத்தில் குறைவாகவே படும் என்றேன். அவர் கேட்டார்: "பனைக் கன்னு மேல படாம குழாய் வாயைச் சுத்தி மூடி போட்டு புல்லுக்கு மட்டும் அடிப்போமே, அந்த மாதிரிதானே? முதல்லயே சொல்லியிருந்தா நாலு நாளு ஒழுங்கா சோறு தின்னுருப்பேன் லா."

விட்டுப்போன ஸ்டேஷன்

கதிர் பாயும்போது அறையில் பிள்ளை மட்டும்தான் இருக்க முடியும். ஆடும் பிள்ளைகளுக்குத் தினமும் மயக்க மருந்து; அதற்குக் காலையிலிருந்து பட்டினி. ஒரு தடவை மயக்கமில்லாமல் முயல்கிறேன் என்று மருத்துவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

"அஞ்சு நிமிஷம்தான்" என்று யாழினியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் தினமும் வருவது ரயிலில். அதனால் மைக்கில் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன்: ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங், சுங்கை பூலோ. திரையில் பார்த்தால் ஒரு விரல்கூட அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவைத் திறந்ததும் மூச்சு விடாமல் சொன்னாள்: "ரவாங்குக்கு அப்புறம் குவாங்க விட்டுட்டீங்க ஆன்ட்டி. ஆடக்கூடாதுன்னுதான் நான் சொல்லாம படுத்திருந்தேன்."

கடைசி நாள்வரை மயக்க மருந்து தேவைப்படவே இல்லை. குவாங்கை நான் மறக்கவும் இல்லை.

முடிவு தெரிந்த நாள்

சில மாதம் கழித்து மறு ஸ்கேன். கைத்தடியில்லாமல் நடந்தே வந்தாள். அம்மாவும் அப்பாவும் முடிவு கேட்க மருத்துவர் அறைக்குள் போக, யாழினி வெளியே உட்கார்ந்திருந்தாள். நான் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆடாம நில்லுங்க ஆன்ட்டி. அஞ்சு நிமிஷம்தான்."

கட்டி செத்துவிட்டது என்று முனியாண்டி அண்ணன் வெளியே வந்து சொல்லும்வரை, பதினாறு வருடமாக ஊரையே ஆடாமல் படுக்கவைத்த எனக்கு அந்த ஐந்து நிமிடம் நிற்கத் தெரியவில்லை.