பொறுக்கி எடுத்த கடலை

உணவுப் பரிசோதனை லேப் வேலை என்பது, கண்ணுக்குத் தெரியாத நஞ்சை, கண்ணிருந்தும் பார்க்க மாட்டேன் என்பவர்களுக்குக் காட்டுகிற வேலை. தாம்பரத்தில் நான் அதைத்தான் செய்கிறேன். என்னைப்போல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொள்பவர்களே, எனக்கு வாய்த்த சத்துமாவு முதலாளியைக் கேளுங்கள்.

வறுத்தால் போதுமாம்

கோவிலம்பாக்கத்தில் குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைப்பவர். மாவுக்குப் போடும் வேர்க்கடலையைக் கொண்டுவந்தார். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்றொரு நஞ்சு இருக்கும்; ஈரலைக் கெடுக்கும். அரைத்து, கரைத்து, வடிகட்டி, அந்த நஞ்சை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடும் சின்னக் குழாயில் இறக்கினேன். அளவு எல்லையைத் தாண்டிவிட்டது. வறுத்தாலும் முழுசாகப் போகாது என்றேன். மனுஷன் நாலு கடலையை வாயில் போட்டு மென்றார்.

"இன்னா மேடம், நான் நல்லாத்தானே கீறேன்?"

மேனேஜர் வந்தார்

அவர் நேரே மேனேஜரிடம் போனார். எங்கள் மேனேஜர் யாரையும் பகைத்துக்கொள்ளாத உத்தமர். கையில் டீயோடு வந்து, "இன்னொரு தடவை போட்டுப் பாரேன்" என்றார். போட்டேன். அதே அளவு. பெருமூச்சு விட்டார்.

"மிஷினுக்குத்தான் அனுசரிச்சுப் போகத் தெரியாது, உனக்குமாம்மா?"

பளபளா சாம்பிள்

மறுநாள் புது சாம்பிள் வந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. ஒவ்வொரு கடலையும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி. நான் பள்ளிக்கூடம் விட்டதும் கடலைக் காட்டுக்குப் போனவள், என்னிடமா? சொத்தையும் சுருங்கலும் மூட்டைக்குள் இருக்கும், நஞ்சும் அதில்தான் இருக்கும். இதைச் சோதித்தால் பாஸ். பாஸானால் மூட்டை மொத்தமும் மாவாகிக் குழந்தைகள் வயிற்றுக்குள் போகும். என் மகளுக்கும் ஒன்றரை வயசு. அவளும் சத்துமாவுக் கஞ்சிதான் குடிக்கிறாள்.

சாம்பிளை வாங்க மறுத்துவிட்டு, நானே அவர் குடோனுக்குப் போய் மூட்டை மூட்டையாகக் குத்தூசி போட்டு எடுத்துவந்தேன். மறுபடியும் ஃபெயில். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூட்டைகளை அவர் கடலை வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. போனில் கத்தினார்: "வூட்ல எல்லாரும் உக்காந்து மூணு மணி நேரம் பொறுக்கினோம் மேடம்!"

"அதே மாதிரி மூட்டை பூரா பொறுக்கியிருந்தா நஞ்சு பெருமளவு போயிருக்குமே, சார்?"

அதற்குத்தான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"புள்ளைங்க துன்றதுக்கெல்லாம் உக்காந்து பொறுக்கினு இருக்க முடியுமா?"

ஆக, இந்தப் பக்கத்து முதலாளிகள் முதல்தரக் கடலையாகப் பார்த்து ஊட்டிவிட நினைப்பது எங்கள் லேப் மிக்ஸிக்கு மட்டும்தான்.