மேலே இழுத்த இழை

நூல் சுற்றிய கோனை, அந்தக் கூம்பை, நிமிர்த்தி வைத்து மேலே இழுத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் இழையில் ஒரு முறுக்கு ஏறும், தெரியுமா உங்களுக்கு? ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கே இன்று காலைதான் உறைத்தது.

சேலத்தில் எம்.டெக். படிக்கிறேன். பவர் அதிகமான லேசருக்குக் கண்ணாடி இழை டிசைன் செய்வதுதான் என் ப்ராஜெக்ட். தையல் நூல் தடிமன்தான் இருக்கும். நடுவில் ஒளி ஓடும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு தண்டுகள் கூடவே ஓடும். ஒளி ஒரே திசையில் அதிரும்படி பிடித்து வைப்பது அவைதான். இழையை வட்டமாகச் சுற்றும்போது அந்தத் தண்டுகள் கடைசிவரை தட்டையாகப் படுத்திருக்க வேண்டும், அதுதான் என் டிசைன். அப்போது வேண்டாத ஒளி மட்டும் வளைவில் கொஞ்சமாகக் கசிந்து போகும். தண்டு புரண்டால் நல்ல ஒளியும் சேர்ந்து கசியும். கண்ணுக்கே தெரியாத ஒளி. பார்வையைப் பொசுக்கிவிடும்.

வியாழக்கிழமை நான்தான் சுற்றினேன். இழை வந்த உருளையை நிமிர்த்தி வைத்து, வீட்டில் நூல் எடுக்கிற மாதிரியே சரசரவென்று மேலே இழுத்தேன். லேபில் என் சீனியர், ராசிபுரத்து அக்கா, பார்த்துச் சிரித்தார்.

"ஏந்தம்பி, இந்த இழுவ இழுக்கற, சீலையா நெய்யப் போற?"

நானும் பெருமையாகப் பல்லைக் காட்டினேன். இழை எங்காவது உடைந்திருக்கிறதா என்று சிவப்பு விளக்கு விட்டுப் பார்த்தோம், மறுமுனையில் வந்தது. ஓகே என்று எழுதி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு லேசரை முழுப் பவரில் போடப்போவது அக்கா.

இன்று சனிக்கிழமை. அம்மாவுக்குக் கைவேலை செய்யலாமென்று ஜரிகை சுற்றிய கண்டை நிமிர்த்தி வைத்து மேலே இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"அத மேல இழுக்காத சாமி. நூலுன்னா முறுக்குனாலும் தெரியாது. ஜரிகை தட்டையா இருக்குதுல்ல, பொரண்டுக்கும். உருட்டித்தான் எடுக்கோணும்."

அப்படியென்றால் வியாழக்கிழமை நான் மேலே இழுத்த இழைக்குள் அந்தத் தண்டுகளும் சுற்றுக்குச் சுற்று புரண்டிருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யாருக்கு என்னாச்சு என்று அம்மா பின்னாலேயே வந்தார்.

"இன்னும் ஒண்ணும் ஆகலீங்கம்மா. வாரேன்."

அக்கா லேபுக்குள் போனால் போனை வெளியே பெட்டியில் போட்டுவிடுவார். காலேஜ் ஆபீஸ் இன்று லீவு. கூடப் படிக்கிற இரண்டு பேரும் ஊரில் இருக்கிறார்கள். அக்கா பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இல்லை. ஆனால் மீட்டரைப் படிக்க அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுற்றின் மேலேயே குனிவார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வேண்டாமென்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெரிய இவன் மாதிரி நானும் அப்படித்தான் செய்வேன்.

அக்கா நம்பருக்குப் பதினெட்டு தடவை அடித்துவிட்டேன். நடுவில் இதைப் போனில் தட்டுகிறேன், சும்மா உட்கார முடியவில்லை.

மணி பத்து ஐம்பத்திரண்டு. பஸ் தாரமங்கலத்தில் நிற்கிறது, சேலம் போக இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும்.