அத்தை கேட்ட சீஸ்

பேரப்பிள்ளைகள் ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்னும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "பாட்டிக்கு அந்த நாத்தம் ஆவாதுலா" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். காரணம் நாற்றமில்லை. வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சம். எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

மலாயாவில் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார், அம்மா துரை பங்களாவில் பாத்திரம் கழுவினார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீடு அப்பாவின் தங்கை வீடு. அந்த அத்தைக்குப் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. மறுபடியும் முழுகாமல் இருந்தார். கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. வேலைக்குப் போனால் மரத்தடியிலேயே சுருண்டு உட்கார்ந்துவிடுவார். இதுவும் தங்காது என்று குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள், அத்தையின் காதில் விழும்படியாகவே.

ஒரு சாயங்காலம் அம்மா அத்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். அத்தை திடீரென்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து மோந்தார்.

"அண்ணி, இது என்னா வாசம்? வாயில தண்ணி ஊறுது. எனக்கு அது வேணும்."

அம்மாவும் மோந்து பார்த்து முகம் சுளித்தார். துரை வீட்டுத் தட்டைத் துடைத்த முந்தானை. சீஸ் வாடை.

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். மாங்காய், அடுப்புச் சாம்பல் என்று எதைக் கேட்டாலும் லயமே தேடிக் கொண்டுவரும். சீஸ் கேட்டவள் அதுவரை யாருமில்லை.

மறுநாள் பள்ளி இல்லை. அம்மாவோடு நானும் பங்களாவுக்குப் போனேன். குசினியில் சமைத்தவர் ஒரு சீனர், நல்ல மனிதர். மெழுகு பூசிய சிவப்பு உருண்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அம்மாவிடம் நீட்டினார். உரித்த மெழுகை எனக்குக் கொடுத்தார். சீஸ் என்றால் அதுதான் போலிருக்கிறது என்று நான் அதை வாயில் போட்டு மெல்லத் தொடங்கிவிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் வயிற்றைத் தட்டிக் காட்டி மலாயில் ஏதோ சொன்னார். 'லெம்பு' என்றால் மாடு என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பெத்துல்கா?" என்றார். நிஜமாகவா என்று.

அவர் தலையாட்டினார். அம்மா துண்டைப் பலகையில் வைத்துவிட்டுக் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். வேலி தாண்டியதும் நின்றார். மேட்டிலிருந்து பார்த்தால் லயத்துக் கூரைகள் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றவர், திரும்பிப் போய் அந்தத் துண்டை வாழையிலையில் சுருட்டி எடுத்து வந்தார்.

அத்தை வீட்டில் இலையைப் பிரித்ததும் வாசலில் நின்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஐயே! பால் கெட்டா நாம கொட்டுவோம். இவுங்க கத்தியால வெட்டித் திங்கிறாங்களே!"

அப்பா விரலால் அமுக்கிப் பார்த்தார். "நம்ம ரப்பர் கட்டிப்பால் மாதிரியே இருக்கு. மிஷின்ல விட்டு ஷீட்டா அடிச்சா துரைக்கே வித்துடலாம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையின் புருஷன், என் மாமா, சிரிக்கவில்லை. மாமா தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரிக்குக் கூடமாட இருப்பவர். ஆடித் திருவிழாவில் ஆத்தாளுக்குப் பொங்கல் வைப்பது அம்மா. அடுப்புக்கு முதல் விறகை எடுத்துக் கொடுப்பது மாமா. பல வருஷத்து வழக்கம்.

"ரப்பர் பாலு கட்டியாவ நாம மருந்து ஊத்துறோம்" என்றார் மாமா. "இதுக்கு என்னாத்த ஊத்துறாங்க, தங்கச்சி?"

"எலுமிச்சம்பழம்ண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

அம்மா ஓரத்தில் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். "தெரியாமலா திங்கிறேன்?"

மென்று விழுங்கும்போது அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "இவளுக்குக் கண்ணுலயே தண்ணி வந்துடுச்சி!" என்று அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். மாமாவும் இந்தத் தடவை சிரித்தார். இலை அத்தையிடம் போயிற்று.

அத்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார். வாந்தி வரும் என்று வாசலே காத்திருந்தது. வரவில்லை. கஞ்சி கேட்டார். அதுவும் உள்ளே நின்றது. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். மசக்கை தீரும்வரை அம்மா துணுக்குத் துணுக்காகக் கொண்டுவந்து கொடுத்தார். பெண் பிறந்தது, தங்கியது. காதில் ஒரு குறையுமில்லை. இப்போது ஈப்போவில் இருக்கிறாள். அவள் தொலைபேசியில் பேசினால் எனக்குத்தான் காது வலிக்கும்.

நான் வளர்ந்து அதே குசினிக்கு வேலைக்குப் போனபோது எனக்கும் மலாய் புரிந்தது. அந்தச் சீனர் அதே போல வயிற்றைத் தட்டிச் சொன்னார். கன்றுக்குட்டியைக் கொன்று அதன் இரைப்பையிலிருந்து எடுத்ததை விட்டுத்தான் அந்தப் பாலை உறைய வைப்பார்களாம். அம்மாவிடம் இதைப் பற்றி நான் கேட்டதே இல்லை. அத்தை கடைசிவரை எலுமிச்சம்பழம் என்றே நம்பினார்.

அத்தைக்குப் பிள்ளை பிறந்த பிறகு வந்த ஆடியில், கோயில் வாசலில் புதுப்பானை தயாராக இருந்தது. மாமா விறகோடு நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வாசலுக்கு என்னை அனுப்பினார்.

"கை வலின்னு சொல்லிடு. வேற யாராச்சும் வைக்கட்டும்."

அந்த வருஷம் மட்டுமில்லை, அதற்குப் பிறகு எந்த வருஷமும் அம்மா ஆத்தாள் பானையைத் தொடவில்லை. அன்று எனக்குத் திருவிழாவுக்குப் போக மனசில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்தக் கைம்மா?"

அம்மா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார். கோயிலில் குலவைச் சத்தம் கேட்டது. பொங்கல் பொங்கிவிட்டது. வலி போகட்டும் என்று நான் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.