வெர்னாவின் கன்னத்துக்குள் ஒரு பொம்மை

வெர்னா காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய ஒரு பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு சின்னதுதான். "வர்ற இருபதாம் தேதி ஊருக்குக் கிளம்பறேன். இனிமே வரமாட்டேன். இத்தனை வருஷம் நல்லா பாத்துக்கிட்டீங்க. அழாதீங்க." கடைசி வார்த்தையில்தான் அவளுக்குச் சந்தேகம். யாரும் அழாவிட்டால் அசிங்கமாகிப் போகுமே என்று அதை எடுத்துவிட்டாள். அடுத்த திருப்பம் வருவதற்குள் மறுபடி சேர்த்துக்கொண்டாள்.

எழுபத்திரண்டு வயது. கனடாவில், சஸ்காட்சுவானில், பாதி வருஷம் கோதுமையும் மீதி வருஷம் பனியுமாக இருக்கும் ஓர் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாலே, எந்தப் பையன் பபுள்கம்மைக் கன்னத்தில் அதக்கி வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். "துப்பு" என்பாள். துப்பிவிடுவான். அவள் கணவர் லார்ன் வேறு ரகம். அவர் ஓர் இடத்துக்குள் நுழைந்தால் நாற்காலிகள் தானாகத் திரும்பும். பனி விழ ஆரம்பித்ததும் இருவரும் வேனைக் கட்டிக்கொண்டு மெக்சிகோவின் சபாலா ஏரிக்கரைக்கு வந்துவிடுவார்கள். இப்படி வருகிற எங்கள் கூட்டம் பெரியது. ஊரில் பனி அள்ள வேண்டிய கைகளால் இங்கே எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு, முதுகு வலிக்கிறது என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்போம்.

லார்ன் போய்ச் சேர்ந்து இது இரண்டாவது குளிர்காலம். அவர் இல்லாத மேஜையில் தான் யார் என்று வெர்னா யோசித்துப் பார்த்தாள். அவர் ஜோக் அடிப்பார், இவள் மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். ஆள் போன பிறகு மாத்திரை டப்பா மட்டும் தனியாக விருந்துக்கு வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? போதாக்குறைக்கு டிசம்பரில் ஒருநாள், ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் வாசலில், லார்னோடு எப்போதும் ஒரே மேஜையில் உட்காரும் நண்பர் மரேயின் கார் நிற்பதைப் பார்த்தாள். உள்ளே மரேயும் அவர் மனைவி கிளெண்டாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவளைக் கூப்பிடவில்லை. வெர்னா அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்து விமான டிக்கெட் எடுத்தாள். கோபத்தில் எடுத்த டிக்கெட் என்று அவளுக்கே தெரியும். அது தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

டிக்கெட் எடுத்த கையோடு வீட்டைக் காலி செய்யவும் ஆரம்பித்தாள். காலையில் தெருவில் சிலிண்டர் விற்றுக்கொண்டு வந்த காஸ்காரரிடம், "இனிமே வேணாம், இருக்கறது போதும்" என்று சொல்லி, கைக்குக் கிடைத்த லார்னின் வைக்கோல் தொப்பியை அவருக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த மறுநாள் அந்தத் தொப்பி "காஸ்! காஸ்!" என்று கத்திக்கொண்டு தெருவில் போனபோது ஜன்னலை மூடிக்கொண்டு அழுதாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா?

"ஏண்டி, வாய் முணுமுணுக்குதே, ஜெபமா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்வீரா. வெர்னா வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, பக்கத்து வீட்டிலேயே இருப்பவள், அவளும் கணவனை இழந்தவள்தான். மடியில் துணி சுற்றிய பெரிய பெட்டி ஒன்று இருந்தது.

"மரே ஓட்டற அழகுக்கு ஜெபம்தான் பண்ணணும்."

"பின் சீட்டுல உக்காந்து பிரேக் மிதிக்கறது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் மரே கண்ணாடியில் பார்த்து. கிளெண்டா எதற்கோ சிரித்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று வெர்னா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஏரியின் மறுகோடியில் பெதாதான் என்ற சிற்றூரில் இறங்கினார்கள். மீனவர்கள் மீனை அரிந்து தோலையும் முள்ளையும் தண்ணீரில் வீச, வெள்ளைக் கூழைக்கடாக்கள் அதற்காகக் கூட்டம் கூட்டமாக அடித்துக்கொண்டிருந்தன. கனடா ஏரிகளிலிருந்து குளிருக்குப் பயந்து வந்த பறவைகள். உழைக்காமல் தின்று ஊதியிருந்தன.

"நம்ம ஆளுங்க," என்றார் மரே. "எந்த ஊர்னு கேளு வெர்னா, உங்க பக்கமாத்தான் இருக்கும்."

தண்ணீரோரத்து ஓட்டலில் பொரித்த மீனும் சோள ரொட்டியும் வந்தன. வெர்னா பேச்சைத் தொடங்க வாய் திறந்தாள், கிட்டார்காரர் வந்தார். அவர் போன பின் திறந்தாள், மீனில் முள் இருந்தது. உண்மையில் கிட்டாரும் தடுக்கவில்லை, முள்ளும் தடுக்கவில்லை. அவளுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் எல்வீரா பெட்டியைத் திறந்தாள். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு எல்லா வீட்டிலும் வெட்டுகிற வளைய ரொட்டி. மேலே சர்க்கரையில் ஊறிய பழங்கள். உள்ளே, விரல் நுனி அளவுக்கு ஒரு குழந்தை ஏசு பொம்மையைப் புதைத்திருப்பார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தமாலே போட வேண்டும். சோள மாவுக்குள் கறி வைத்து, சோளத் தோகையில் மடித்து அவிப்பது. கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். தின்ன எல்லாருக்கும் ஆசை, செய்ய ஒருவருக்கும் ஆசை கிடையாது. அதனால்தான் அவரவர் துண்டை அவரவரே வெட்டிக்கொள்வது வழக்கம். மரே தாள் மாதிரி மெல்லிசாக வெட்டிக்கொண்டு, "டாக்டர் சர்க்கரை கூடாதுன்னுட்டார்" என்பார்.

அன்றைக்கு எல்வீரா கத்தியை யாரிடமும் கொடுக்கவில்லை. "குடு இப்படி, உனக்கு மணிக்கட்டு வலி," என்று வெர்னாவின் தட்டை வாங்கி, தானே ஒரு துண்டு வெட்டி வைத்தாள். வெர்னாவுக்கு வலி முழங்காலில். கொஞ்சம் மூளை இருந்திருந்தால் அங்கேயே சுதாரித்திருப்பாள்.

இரண்டாவது கடியில் பல்லில் 'கடக்' என்றது. பொய்ப்பல்தான் போச்சு என்று நினைத்தாள். நாக்கால் தடவினாள். ஒரு தலை, இரண்டு கை.

பிப்ரவரி இரண்டாம் தேதி அவள் சஸ்காட்சுவானில் பனிக்குள் இருப்பாள். சொல்லிக்கொண்டு போவது ஒரு விஷயம். பொம்மையை வாங்கிக்கொண்டு தமாலே போடாமல் ஓடிப்போனவள் என்று பேர் எடுப்பது வேறு விஷயம். அந்தப் பேர் எல்வீராவின் தெருவில் அவள் செத்த பிறகும் நடமாடும். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. நாக்கால் தள்ளி, பொம்மையை இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டாள். அத்தனை வருஷம் பிள்ளைகளை அதட்டித் துப்ப வைத்தவள், கிழவியான பிறகு அதே வேலையைச் செய்தாள்.

"பொம்மை யாருக்கு?" என்றாள் எல்வீரா.

"எனக்கு இல்லப்பா," என்றாள் கிளெண்டா. மரே கையை விரித்தார். வெர்னா தலையை ஆட்டினாள்.

"வாயைத் திறந்துதான் சொல்லேன்."

"ம்ஹும்."

"ரொட்டி எப்படி?"

"ம்."

"இவ ஒரே எழுத்துல பதில் சொல்லி நான் பார்த்ததே இல்ல," என்றாள் கிளெண்டா. "உடம்பு சரியில்லையாடி?"

வெர்னா காபியை வலது பக்கமாகவே குடித்தாள். கரையில் ஒரு கூழைக்கடா, அலகுக்குக் கீழே பை தொங்க அவளையே பார்த்தது. சொந்தக்காரி என்று நினைத்திருக்கும். சொல்ல வேண்டிய பேச்சு தொண்டையில் நின்றது, அதற்கு முன்னால் பொம்மை வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது.

மரே நாற்காலியில் சாய்ந்து பீரைக் கையில் எடுத்தார். "என்ன சொன்னாலும் வண்டி ஓட்டறதுல லார்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. அவ்வளவு தூரம் ஒத்தை ஆளா ஓட்டிக்கிட்டு வருவாரே, மனுஷன்! வெர்னா பக்கத்துல குறட்டை."

வெர்னாவின் காது சிவந்தது. ஓட்டியது அவள். ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு மைலும். லார்ன் அந்தத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார். கடைசி வளைவில் எழுந்து ஸ்டியரிங்கை வாங்கி, ராஜா மாதிரி தெருவுக்குள் நுழைவார். அவள் கொடுப்பாள். அந்தப் பேரை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"மலைப்பாதையில லாரிக்கு வழி விட ரிவர்ஸ்லயே வந்தாராம்," என்று மரே தொடர்ந்தார்.

"பாவம், அவர் என்ன பண்ணுவார்?" என்றாள் கிளெண்டா. "வெர்னாவுக்குத்தான் ரிவர்ஸ் வராதே."

"யாருக்குடி ரிவர்ஸ் வராது!"

பொம்மை பறந்தது. மரேயின் பீர் கிளாஸில் விழுந்து, முங்கி, மேலே வந்து மல்லாந்து மிதந்தது.

மூன்று பேரும் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். ஒத்திகை பார்த்த பேச்சு அப்போதுதான் வெளியே வந்தது, அதுவும் தலைகீழாக. "அழாதீங்க," என்றாள் முதலில். "நான் போறேன். இருபதாம் தேதி. இனிமே வரமாட்டேன்."

சிரிப்பு நின்றது. அழுதது அவள் மட்டும்தான்.

"தெரியும்," என்றாள் எல்வீரா. "உன் வீட்டுக்காரர் தொப்பி காஸ் வித்துக்கிட்டுப் போகுது தெருவுல. அவர் செருப்பைக்கூட யாரையும் தொட விடமாட்டே நீ. தொப்பியையே கொடுத்துட்டேன்னா, பெட்டி கட்டறேன்னு எனக்குத் தெரியாதா? அதான் இந்த பொம்மை. நான்தான் வீட்லயே அடிப்பக்கமா திணிச்சேன், அத்திப்பழத்துக்குக் கீழே. இவங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

"காரை ஓட்டவே முடியல என்னால," என்றார் மரே. "சிரிப்பை அடக்கி அடக்கி."

"அப்போ டிசம்பர்ல?" என்றாள் வெர்னா. "என்னை விட்டுட்டுப் போய் சாப்பிட்டீங்களே?"

கிளெண்டா தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஆமா, போனோம்," என்றாள். "எங்க உக்காந்தாலும் 'லார்ன் இருந்தா இதைத்தான் கேப்பார், லார்ன் இருந்தா இப்படித்தான் சொல்வார்'னு நீ அவரைப் பத்தியே பேசினே. ஒரு நாள் என்னால தாங்க முடியல. தப்புதான். அவர் ஜோக்குக்கு நாங்க சிரிச்சது நிஜம்தான்டி. ஆனா பாதியில அவருக்கு முடிவு மறந்துபோயிடும். முடிவைச் சொன்னது நீதானே? நாங்க சிரிச்சது அதுக்குத்தானே?"

வெர்னா நாக்கால் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். இந்தத் தடவை வாயில் எதுவும் இல்லை. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை மற்றவர்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருப்பது பெரிய அவமானம். அந்த அவமானம் அவளுக்கு இனித்தது.

"எனக்குத் தமாலே பண்ண வராதே," என்றாள் கடைசியில்.

"உங்க ஊர்க்காரங்க முட்டைக்கோஸ் இலையில கறியும் சோறும் சுருட்டுவீங்களே, அதைப் பண்ணு," என்றாள் எல்வீரா. "இலை இருக்கு, உள்ளே கறி இருக்கு. குழந்தை கோவிச்சுக்காது."

மரே கிளாஸிலிருந்து பொம்மையை எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, அவள் முன்னால் வைத்தார். கூடவே கார் சாவியையும் வைத்தார். "ரிவர்ஸ் எடுத்துக் காட்டு பார்ப்போம்."

மறுநாள் காலை தொப்பி தெருமுனையில் கத்திக்கொண்டு வந்தது. வெர்னா இரவு உடையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலுக்கு ஓடினாள். திருப்பிக் கேட்கத்தான் ஓடினாள். காஸ்காரர் அதைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார். வெயிலில் கறுத்த அந்த வழுக்கைத் தலையைப் பார்த்ததும் அவளுக்குக் கேட்க மனசு வரவில்லை.

"போட்டுக்குங்க, வெயில் ஏறுது," என்றாள்.

"காஸ் வேணாம்னீங்களே சென்யோரா, எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"வேணும்."

"சின்னதா, பெருசா?"

"பெருசு," என்றாள் வெர்னா. "வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க."