வாஸ்லின் தடவாத தனசேகரன்

தனசேகரன் போய்விட்டார் என்று எங்கள் டவுன்ஷிப் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உடனே "தங்கமான மனிதர்" என்று ஆளாளுக்குப் போட ஆரம்பித்தார்கள். அவருடன் பழகிய நண்பர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்களில் யாரை அவர் திட்டாமல் விட்டார்? சுரங்கத்தில் நானும் அவரும் ஒரே செக்‌ஷன். எனக்கு அவர் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை.

வித்தைக்காரர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நாடகத்துக்கான கிரீடம், கவசம், அசுரத் தலை எல்லாவற்றையும் நான் களிமண்ணில் செய்வேன்; அவர் அதன்மேல் அச்சு எடுத்து, வேண்டிய எண்ணிக்கையில் வார்ப்பார். அச்சுக்கென்றே விற்கும் சிலிக்கான் நமக்குக் கட்டுபடியாகாது. ஜன்னல் கண்ணாடி இடுக்கை அடைக்கும் சிலிக்கான் டியூபை ஹார்டுவேர் கடையில் வாங்கி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பிதுக்கி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து, களிமண் உருவத்தின்மேல் அப்புவார். அது காயக் காய அவர் குவார்ட்டர்ஸ் முழுக்க வினிகர் வாடை அடிக்கும். "நாத்தம் புடிக்கலன்னா வெளிய நில்லுங்க. கலைக்கு மூக்கு கெடையாது" என்பார்.

கடைசியில் ஒரு மூக்கால்தான் சண்டை வந்தது. ஐந்தலை அசுரன் வேடம் பல வருடம் கேட்டு எனக்குக் கிடைத்தது. என் சொந்தத் தலை போக மிச்சம் நாலுக்கும் ஒரே அச்சு போதும். நான் செய்து வைத்த தலையின் மூக்கை, ஷிப்ட் முடிந்து நான் வருவதற்குள் அவர் சீவிவிட்டார். "பெருசா இருந்திச்சு, கொறச்சேன்" என்றார். அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒரே அறையில் வேலை. பேச்செல்லாம் சுவரைப் பார்த்துத்தான்.

தலையைப் பிரித்தெடுக்க வசதியாக அச்சு இரண்டு பாதி. முன்பாதி காய்ந்தது. காய்ந்த சிலிக்கானை ஒட்டிப் புதுசை அப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் பின்பாதியை அப்புமுன் விளிம்பில் வாஸ்லின் தடவ வேண்டும். அது எப்போதும் அவர் வேலை. அன்று சுவரைப் பார்த்து, "வாஸ்லின் தடவணும்" என்றார். யார் தடவணும்? தனக்கே சொல்லிக்கொள்கிறார் என்று நான் கை கழுவப் போனேன். வருவதற்குள் பின்பாதியையும் அப்பிவிட்டார். மறுநாள் பிரிக்கப் போனால் ஒரே கட்டி. பிளேடால் கிழித்ததில் அச்சும் போச்சு, உள்ளே இருந்த தலையும் நொறுங்கியது. மாலையில் நாடகம்.

"நான் சொன்னேங்க. இவருதான் தடவல" என்றார், எல்லார் முன்னாலும்.

ஐந்தலை அசுரனாக ஒற்றைத் தலையோடு மேடையேறினேன். "மிச்ச நாலு தலையும் நைட் ஷிப்டா?" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். திரைக்குப் பின்னால் சிரித்தவர்களில் தனசேகரனும் ஒருவர். அதன்பின் எனக்கு யாரும் வேடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதார். "உங்களப் பத்திதான் பேசிக்கினே இருப்பாருங்க. 'தடவணும்னு எனக்கேதான் சொல்லிக்கினேன், மறந்துட்டேன். அந்தாளு வேஷத்தக் கெடுத்துட்டேன்'னு சொல்லுவாரு. உங்ககிட்ட சொன்னாருங்களா?"

சொல்லவில்லை. ரிட்டயர் ஆன பிறகும் அதே டீக்கடையில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லிவிட்டுப் போன மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, சோப்புத் தண்ணீரில் சிலிக்கான் பிசையும் வித்தை. யார் கேட்டு வந்தாலும் சொல்லித் தருவேன். இன்னொன்று இந்தக் கோபம். அதை யாருக்கும் தருவதாக இல்லை.