சூடு காணாது

அப்பாவுக்கு நெஞ்சில் நியூமோனியா பிடித்தது ஒரு மார்கழி மழையில். நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்துக்குள் வெள்ளம் நிற்கிறதென்று, காய்ச்சலோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கியது. அன்றே அவரை நான் வேலை செய்யும் ஆசுப்பத்திரியின் ஆண்கள் வாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அந்த வாட்டில் பதினாறு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். மாரி தொடங்கினால் நெஞ்சுச்சளிக்காரர்தான் கட்டில் முழுக்க. அவர்களில் பாதிப்பேர் சுருட்டுக்காரர், அப்பாவைப் போல. சாய்த்து இருத்துவது, முதுகில் தட்டிச் சளியைக் கிளப்புவது, விரலில் கருவியை மாட்டி ஒட்சிசன் பார்ப்பது, மருந்தை நேரத்துக்கு ஏற்றுவது எல்லாம் என் கைக்குத் தண்ணீர்பட்ட பாடு. அப்பாவிடம் மட்டும் அதிகாரம் கொஞ்சம் கூடிவிட்டது. "இருமித் துப்புங்கோ அப்பா, விழுங்காதேங்கோ" என்று அதட்டுவேன். அவர் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, "வீட்டிலையும் உப்பிடித்தான்" என்பார். எட்டாம் நாள் நெஞ்சு தெளிந்து வீட்டுக்கு விட்டார்கள். எனக்குப் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. நான் இல்லாவிட்டால் அப்பா இல்லை என்றுகூட அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

அந்த எட்டு நாளும் அவர் காலில் மேசு இருந்தது. முதல் நாளே கால் குளிருது என்றார். நான்தான் கடைக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு சோடி காலுறை வாங்கிவந்து போட்டுவிட்டேன். மற்ற நோயாளிகளின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன், நிறத்தைப் பார்ப்பேன், நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். அப்பாவின் மேசுகளை ஒருநாளும் கழற்றவில்லை. எல்லாருடைய கண்ணும் அவருடைய நெஞ்சில் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஒரு வருடமாக அப்பா தோட்டத்துக்கு நடக்கும்போது வழியில் நிற்பார். கொஞ்சத்தூரம் நடப்பார், நிற்பார், பிறகு நடப்பார். கேட்டால், "குலை பாக்கிறன்" என்பார். அடுத்தவன் தோட்டத்து வாழைக்குலையில் இவருக்கு என்ன கண் என்று அம்மாவும் நானும் பகிடி பண்ணுவோம். அவர் நின்றது குலை பார்க்க அல்ல. காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வந்தால் கெண்டைக்கால் அப்படித்தான் நடக்க நடக்க வலிக்கும், நின்றால் விடும். வாட்டில் ஒருவர் இதைச் சொன்னால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். நின்றது அப்பா. நான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பின்னேரம், வேலை முடிந்து வந்து குசினியில் தேத்தண்ணியோடு இருந்தேன். அப்பா அறையில் படுத்திருந்தார்.

"பிள்ளை, இந்த இடக்கால் ஒரேயடியாக் குளிருது" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். "ஒத்தணம் குடுப்பமோ?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் குளிருக்கும் பிடிப்புக்கும் வீக்கத்துக்கும் ஒத்தடம்தான் முதல் வைத்தியம். இருந்தும் வீட்டில் ஒரு தாதி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அம்மா எதையும் செய்வார்.

"ஓம் அம்மா, உப்பை வறுத்துக் குடுங்கோ" என்றேன். எழும்பக்கூட இல்லை.

அம்மா தாச்சியில் உப்பை வறுத்து, கிழிந்த வேட்டித்துண்டில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனார். சற்று நேரத்தில் அப்பாவின் குரல் கேட்டது. "சூடு காணாது." சூடு போதவில்லையென்று அம்மா வந்து மறுபடி சூடாக்கிக்கொண்டு போனார். "இன்னும் சூடு காணாதப்பா" என்றார் அவர்.

"எனக்குக் கை பொறுக்கேல்லை, உங்களுக்குக் காணாதோ?" என்று அம்மா கேட்டதும் என் காதில் விழுந்தது.

நான் இருந்த இடத்தில் இருந்தபடியே, "அம்மா, இன்னும் கொஞ்சம் வறுங்கோ" என்று சத்தம் போட்டேன். பிறகு இரண்டாவது தேத்தண்ணியை ஊற்றினேன்.

எங்கள் வாட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரத்தம் போகாத காலுக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் தெரியாது, ஆகவே குளிர்ந்த காலுக்கு ஒத்தடமோ சுடுதண்ணீர்ப் போத்தலோ வைக்கவேண்டாம் என்று எழுதியிருக்கும். எழுதியது நான். வடிவான எழுத்தென்று தலைமைத் தாதி மேற்றன் என்னைக்கொண்டுதான் எழுதுவித்தார்.

அடுத்த நாள் காலை அவர் உடம்பு துடைக்க, ஒத்தணத்துக்கும் கழற்றாமல் இருந்த மேசுகளைக் கழற்றினேன். இடது மேசோடு தோலும் சேர்ந்து வந்தது. பாதத்தில் உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம் உடைந்து கிடந்தது. விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. அப்பா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சாய்ந்திருந்து, "என்ன பிள்ளை பாக்கிறாய்?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கணுக்காலில் நாடி தேடினேன். அம்மா வாசலில் நின்று, "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாடி இல்லை.

அன்றே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். புண் இல்லாமல் வந்திருந்தால் குழாயைத் திறந்து பார்த்திருக்கலாம், இப்போது கிருமியும் ஏறிவிட்டது என்றார். பிறகு கேட்டார், "ஆர் இந்த ஒத்தணம் குடுத்தது?"

"நான்தான் ஐயா" என்றார் அம்மா. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நாங்கள் பழைய ஆக்கள். எங்களுக்கு என்ன தெரியும்."

நான் வெள்ளை யூனிபோமோடு அம்மாவின் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. என்னால் அதை இன்றுவரை நம்ப முடியவில்லை. டொக்டர் என்னிடம் தணிந்த குரலில், "மிஸ், அம்மாவுக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ" என்றார்.

"ஓம் டொக்டர்" என்றேன்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பகல், என் வேலை முடிந்து சத்திரசிகிச்சை வாட்டுக்கு அப்பாவைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, புத்தூர்ப் பக்கத்து மனிசி, ஒரு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துவாயால் சுற்றிக்கொண்டிருந்தார். புருசனின் காலுக்கு வைக்கத்தான். அம்மா எட்டிப் போய் அந்தப் போத்தலைப் பறித்தார்.

"வைக்காதேங்கோ. நான் வைச்சுத்தான் இவரின்ரை கால் போனது. என்ரை இந்தக் கையாலைதான்" என்றார். பார்க்க வந்த நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். அம்மா கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "அம்மாவிலை பிழை இல்லை" என்றேன். "குடுக்கச் சொன்னது நான். சூடு காணாது எண்டு அப்பா சொல்லச் சொல்ல, இன்னும் வறுங்கோ எண்டு சொன்னதும் நான்தான்."

அவர்கள் என் யூனிபோமைப் பார்த்தார்கள். புத்தூர் மனிசி என் தோளைத் தடவி, "தாயை விட்டுக்குடுக்காத பிள்ளை" என்றார். "ஆசுப்பத்திரியிலை வேலை செய்யிற பிள்ளை அப்பிடிச் சொல்லுமோ? எங்களுக்கு விளங்காதோ?" என்றார் இன்னொருவர். மற்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அன்றைக்குக் குசினியிலிருந்து வந்த என் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் சுகமாக்கிக் கொடுத்த நெஞ்சால் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.